அடுபாடு

குணத்தில் உள்ள சில்லறைக் குறைகளுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரே சொல்தான்: அடுபாடு. சிங்களச் சொல். அடு என்றால் குறைவு, பாடு என்றால் நட்டம். யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் அது தமிழில்லை என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சுத்தமாகத் தெரியாது.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். என்னைப் பெண் பார்க்க ஹட்டனிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்துத் தமிழில் சிங்களம் இவ்வளவு கலக்காது. அப்பா அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "ஒளிக்காம சொல்லிடுறேங்க. சின்ன அடுபாடு இருக்கு" என்றார்.

அந்த அம்மாவின் காதில் அது அடுப்படி என்று விழுந்தது. "அதுக்கென்னங்க, எங்க வீட்டுலயும் சின்னதாத்தான் இருந்துச்சு. இடிச்சுத் தள்ளிட்டோம். இப்ப நல்லா இருக்கு."

அப்பா எழுந்துவிட்டார். "இடிச்சீங்களா?"

"மேசன் பாஸ வச்சுத்தாங்க. நாங்க கைய வைக்கல."

"எம்புள்ள மேல எவனாவது கைய வச்சான்னா..." அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

டீத் தட்டோடு நின்ற நான் பதறிப்போய், "அடுப்படி இல்லீங்க, அடுபாடு. கொறைன்னு அர்த்தம்" என்றேன். சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. பேசாமல் அடுப்படியோடு விட்டிருக்கலாம்.

"அப்ப பொண்ணுக்கு என்ன கொறைங்க?" என்றார் அந்த அம்மா.

அப்பா திருதிருவென்று விழித்தார். பேச்சுக்குச் சொன்னதுதானே, கைவசம் ஒன்றும் இல்லை. "புளி கொஞ்சம் தூக்கலாப் போடுவா" என்றார். பிறகு, "கூப்புட்டா ஒடனே வர மாட்டா." எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா! வாய மூடுறீங்களா?" என்று கத்திவிட்டேன்.

"கோவமும் வருங்க" என்றார் அப்பா.

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். பிறகு அவருடைய அம்மாவும். "இதுகூட இல்லாட்டி எப்படிங்க? எங்களுக்குப் புடிச்சிருக்கு. வர்ற தையிலயே வச்சுக்கலாம்" என்றார். எனக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. டீத் தட்டை முதலில் அவரிடம்தான் நீட்டினேன்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு அடுபாடு இருக்குங்க" என்றார் அவசரமாக. "பஸ்ல ஏறினா வாந்தி எடுப்பா. ஹட்டன் வரைக்கும் தாங்க மாட்டா."

தினமும் அவிசாவளைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவள் நான். ஒரு நாளும் வாந்தி வந்ததில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.