காது மிஷினும் பழைய சாப்ட்வேரும்

“கம்பெனிக்காரனே புது கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னு கைய விரிச்சுட்டான். நீ ஓட்டிருவியாக்கும்?” சங்கரன்கோவிலில் காது மிஷின் விற்கும் எங்கள் கடை முதலாளி அண்ணாச்சி இப்படித்தான் கேட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். “ஓட்டிக் காட்டுதேன் அண்ணாச்சி” என்றேன்.

பழைய காது மிஷின்களில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சாப்ட்வேர் அது. பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடும். புதுக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல இயங்கும் விர்ச்சுவல் மெஷின் போட்டு எக்ஸ்பி ஏற்றினேன். காது மிஷினை இணைக்கும் பழைய மாதிரி சொருகுவாயான சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி கன்வெர்ட்டர் மாட்டினேன். ஒரு மிஷினை இணைத்து ரீட் கொடுத்தேன். அதில் இருந்த அளவெல்லாம் திரையில் வந்தன.

“ஜெயிச்சுட்டியே மக்கா!” என்றார் அண்ணாச்சி.

அதுவரை அந்த சாப்ட்வேர் ஓடிய பழைய கம்ப்யூட்டரை அன்றே எக்சேஞ்சில் கொடுக்கச் சொன்னது நான்தான். மிஷினுக்குள் புது அளவை ஏற்றும் ரைட்டைச் செய்து பார்க்கவில்லை.

மறுநாள் இளையரசனேந்தலிலிருந்து, எங்களிடம் மிஷின் வாங்கிய வேலம்மாள் பெரியம்மா வந்தார். பருத்திக்காட்டு வேலை. ராயகிரியில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியிருந்தது. வலி வந்தால் இவர்தான் துணைக்குப் போக வேண்டும்.

“மவ பேசுனா கொரகொரங்குதுட்டி. சரிபண்ணித் தா.”

ரைட் கொடுத்தேன். பாதியில் நின்றது. கன்வெர்ட்டர் வழியே தகவல் தாமதமாகப் போனதுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தேன். மிஷினில் சத்தமே இல்லை.

“என்னட்டி, ரேடியோவ அமத்துன மாதிரி அமத்திட்ட?” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “மவ போன் அடிச்சா எனக்கு எப்படிட்டி கேக்கும்?”

எக்சேஞ்ச் கடைக்கு ஓடினேன். பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

நான்காம் நாள் மத்தியானம் மகளுக்கு வலி வந்தது. பலமுறை அழைத்திருக்கிறாள். பெரியம்மாவின் போன் காட்டு வரப்பில் தூக்குவாளியோடு இருந்தது. மணி கேட்டு எடுக்கப் பக்கத்தில் வேறு ஆளில்லை. மகள் மூத்த பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம் என்று அண்ணாச்சி விசாரித்துச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். திரையில் வந்துவிட்டால் ஓடிவிட்டது என்று அர்த்தமில்லை. எதற்காக அந்த சாப்ட்வேரோ, அந்த வேலையைக் கடைசிவரை செய்து பாருங்கள். அதுவரை பழையதைக் கடையை விட்டு அனுப்பாதீர்கள்.

கோவில்பட்டியில் எக்ஸ்பியும் சீரியல் போர்ட்டும் உள்ள பழைய லேப்டாப் ஒன்று கிடைத்தது. கடையில் கிடந்த மிஷினில் பத்துத் தடவை ரைட் செய்து, ஒவ்வொரு தடவையும் காதில் வைத்துக் கேட்டேன். பெரியம்மாவின் மிஷின் பிழைக்குமா, தெரியாது. போனில் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு இளையரசனேந்தல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.