புரபெசர் குந்தியிருந்த வாங்கு

பள்ளிவாசல் ஒலிபெருக்கி மீராசாகிபுவின் மரணத்தை அறிவித்தபோது, எங்கள் நெஞ்சு கிளினிக்கில் ஒருவரின் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த நோயாளி "இன்னாலில்லாஹி" என்றார். நானும் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். மையித்தை அடக்குவதற்குள்ளேயே ஊர் புகழத் தொடங்கிவிட்டது. அறிவுக் கடலாம், ஊருக்கு விளக்காம். நினைவு மலருக்கு நீங்களும் எழுதித் தாருங்கள் டொக்டர், அவரோடு அதிகம் கதைத்தவர் நீங்கள்தானே என்று வந்து நின்றார்கள். கதைத்தது எங்கே, சண்டை பிடித்தது! கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். வெட்டாமல் போடுங்கள்.

கல்முனைக் கரையில் பிறந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் நோயெதிர்ப்புப் பாடம் நடத்தி, ஓய்வு பெற்றுத் திரும்பியவர் அவர். ஊர் அவரைப் புரபெசர் என்றது. வந்த கையோடு என் கிளினிக்கிற்குள் நுழைந்து, சுவரில் இருந்த காசநோய்ப் படத்தை மேலும் கீழும் பார்த்து, "இதுல பி கலத்தக் காணல்லியே, ஆரு தம்பி கீறின?" என்று கேட்டார். நான்தான் கீறியிருந்தேன். நோயாளிகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

காசக் கிருமியோடு மல்லுக்கட்டுவது வெள்ளணுக்களில் ரி கலங்களும் கிருமியை விழுங்கும் கலங்களும்தான் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பி கலங்களின் வேலை பிறபொருளெதிரி, அதாவது அன்டிபொடி, செய்வது. கிருமியோ தன்னை விழுங்கிய கலத்துக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. இரத்தத்தில் மிதக்கும் பிறபொருளெதிரி அதை என்ன செய்துவிடும் என்று நான் கேட்பேன். மனுசன் விடமாட்டார். நுரையீரலில் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டுகிற முடிச்சின் ஓரத்தில் பி கலங்கள் கூட்டமாய்க் குடியிருக்கின்றன, ரி கலங்களுக்குக் கிருமியின் துண்டை எடுத்துக் காட்டுகின்றன, மற்றக் கலங்களை ஏவியும் விடுகின்றன, அடக்கியும் வைக்கின்றன என்பார். "பி கலம் புதினம் பார்க்க வந்த ஆளில்ல தம்பி, வேலைக்கு வந்த ஆள்." அதில் அவர் சொன்னது சரி. எழுதும்போதே எனக்கு எரிகிறது, ஆனாலும் சரி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் மண்டபத்தில் பேசும்போது, "ரெத்தம் எதையும் மறக்காது, பி கலம் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிரிக்கும்" என்று கைதட்டு வாங்கினார். சில நாட்களில் ஒரு தனியார் லேப் 'காசத்துக்கு இரத்தப் பரிசோதனை' என்று பலகை தொங்கவிட்டது. உலகமே வேண்டாம் என்று ஒதுக்கிய பரிசோதனை அது. நான் அவர் வீட்டுக்கே போய்க் கத்தினேன். எப்போதோ கிருமி வந்து அடங்கியவரின் இரத்தத்திலும் பிறபொருளெதிரி இருக்கும், இருமி இருமிப் படுக்கையில் கிடப்பவரின் இரத்தத்தில் இல்லாமலும் போகும், சளியில் தேட வேண்டியதை இரத்தத்தில் தேடினால் ஆள் தப்பாது என்றேன். அவர் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "நீங்க சளி பார்க்கிற ஆள், உங்களுக்குச் சளிதான் விளங்கும்" என்றார்.

என் தம்பி நஸீருக்கு அப்போது கலியாணம் பேசி முடிந்திருந்தது, இருமலும் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறவன். அவனைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்துத்தான் எடுப்பார்கள். என் கிளினிக்கில் நோயாளிகள் குந்துகிற மர வாங்கோ பெரிய தெருவைப் பார்த்துப் போட்டுக் கிடக்கிறது. காலையில் அதில் இருந்தவர் யாரென்று அஸர் தொழுகைக்குள் ஊர் அறிந்துவிடும். ஆகவே நெஞ்சு டொக்டரின் கூடப்பிறந்தவன், நெஞ்சு டொக்டருக்கே ஒளித்து, அந்த லேப்பில் இரத்தம் கொடுத்தான். காசம் இல்லை என்று வந்தது. என் முன்னால் இருமாமல் இருக்கப் பழகிக்கொண்டான். கலியாணமும் நடந்தது. பெண் வீட்டில் வைத்து இரத்தமாய்த் துப்பிய பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார்கள். சளியில் கிருமி மொய்த்துக் கிடந்தது. மருந்தால் உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். வலது நுரையீரல் தப்பவில்லை. வயலில் நெல்மூடை தூக்கித் திரிந்தவன் இன்று மாடிப்படியில் பாதி வழி நின்று மூச்சு வாங்குகிறான்.

அந்த எக்ஸ்ரேயைக் கொண்டுபோய் மீராசாகிபுவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "பாருங்க, உங்கட பி கலம் ஞாபகம் வெச்ச லட்சணத்த!" என்றேன். வாங்கிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. "லேப்காரன் பிழையா விளங்கிட்டான்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எப்படித்தான் நாக்கு வந்ததோ!

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்க்கிறேன், வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாய் மனுசன் என் வாங்கின் நட்ட நடுவில் குந்தியிருக்கிறார். கையில் சளிப் போத்தல், தெருவுக்குத் தெரியத் தூக்கிப் பிடித்தபடி. மோட்டார்சைக்கிளில் போனவர்கள் நிறுத்திக் கேட்டார்கள்.

"புரபெசர், இஞ்ச என்ன செய்றீங்க?"

"சளி குடுக்க வந்த. ரெத்தத்த நம்பாதீங்க. நான் செல்லித்தான் நீங்க கெட்ட."

என்னிடம் சொல்லாததைத் தெருவுக்குச் சொன்னார். சோதித்தேன், அவருக்கு ஒரு மண்ணும் இல்லை. அடுத்த வெள்ளியும் வந்தார். "என்ன நாடகம் சேர் இது?" என்று கேட்டேன். "நீங்க சோதியுங்க தம்பி, நான் குந்தியிருக்கன்" என்றார். மெல்ல மெல்ல அவர் பக்கத்தில் ஆட்கள் குந்தத் தொடங்கினார்கள். முக்காட்டை இழுத்து மூடிய பெண்கள், பெரியநீலாவணை மீனவர்கள், கலியாணம் பேசியிருந்த மாப்பிள்ளைமார். புரபெசரே இருக்கிறார், எங்களுக்கென்ன என்றார்கள். தொண்டை வற்றக் கத்தியும் எனக்கு வராதவர்கள் இவர்கள். என் தம்பியின் நுரையீரலில் ஏறி நின்று சம்பாதித்த புண்ணியம் என்று எனக்கு வயிறு எரிந்தது. சாகும்வரை ஒரு வெள்ளியும் அவர் தவறவில்லை.

ஜனாஸாவில் நஸீர் மையித்தைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு இரைத்தது. பிடித்து இழுத்தேன்.

"உனக்கு ரோசம் இல்லையாடா?"

"காக்கா, அவர் வாங்குல குந்தாட்டி என்ட மச்சினன் சளி குடுக்க வந்திருக்க மாட்டான். இப்ப சுகமா இரிக்கான்."

"உன்ட நுரையீரல்?"

"அது போனது போனதுதான். நீங்க ஏன் அதச் சுமந்துக்கிட்டுத் திரியிறீங்க?"

அவன் விட்ட இடத்தில் நான் தோளைக் கொடுத்தேன். ஆள் பாரமாகத்தான் இருந்தார்.

பிறகு வந்த வெள்ளியன்று வாங்கு வெறுமையாய்க் கிடந்தது. கேற்றடியில் ஒரு தாய் வந்து நின்று வாங்கைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், முக்காட்டுக்குள் இருமிக்கொண்டே திரும்பப் போனாள். நான் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரு சளிப் போத்தலோடு வெளியே வந்து அவருடைய இடத்தில் குந்தினேன். அவள் திரும்பி வந்து ஓரத்தில் குந்தினாள்.

"டொக்டர், உங்களுக்குமா?"

"ஓம்" என்றேன்.

மீராசாகிபுவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இடம்தான். மன்னித்துவிட்டேன் என்று மலரில் யாரும் சேர்த்துவிட வேண்டாம். மன்னிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வாங்கின் நடுவில் குந்தியிருப்பேன். இருமல் உள்ளவர்கள் வந்து பக்கத்தில் குந்துங்கள்.