எக்குவடோரில் பனிமலையிலிருந்து மரவள்ளிக் காடுவரை

நாங்கள் எக்குவடோர் போனது 1976 ஜூலையில். அப்போது சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் குடியிருந்தோம். இன்றுபோல் நம் கடைகள் ஒன்றும் கிடையாது. எங்கள் மகள் பிறந்து ஒன்பதாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டாள். அதன்பின் ஏழு மாதமாக என் மனைவி மலர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு எங்கள் யாழ்ப்பாண வழக்கில் "ஓம்" என்பாள், அவ்வளவுதான். கூட வேலை செய்த கீட்டோ நகரத்துக்காரர் ஒருவர், தன் நாட்டில் காலையில் பனிமலையும் மாலையில் பெருங்காடும் பார்க்கலாம் என்று அளந்துகொண்டே இருப்பார். "போவமோ?" என்றேன். "ஓம்" என்றாள். அவளை மறுபடி பேசவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கீட்டோ 2,800 மீட்டர் உயரம். காலை ஆறு மணிக்குப் பஸ். காட்டோர ஊரான புயோவரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர், ஆளுக்கு அந்நாட்டுப் பணம் அறுபது சூக்ரே. ஏழரைக்கு இடப்பக்கம் கோட்டோபாக்ஸி எரிமலை, உச்சியெல்லாம் பனி.

"இஞ்ச பாரும், என்ன வெள்ளை!"

"ஓம்."

மரமே இல்லாத புல்மேட்டில் குளிர் பல்லைக் கிட்டவைத்தது. பாஞோஸ் ஊரைத் தாண்டியதும் பாதை சரசரவென்று இறங்கியது. வலப்பக்கம் கிடுகிடு பள்ளத்தில் ஆறு. சில அருவிகள் பஸ் கூரைமேலேயே கொட்டின. ஓட்டுநர் சிலுவைக் குறி போட்டுவிட்டு, சாவகாசமாக வாழைப்பழம் உரித்தார். வளைவுக்கு வளைவு மரங்கள் உயர்ந்தன, ஆர்கிட் பூக்கள் தொங்கின. ஸ்வெட்டரைக் கழற்றினோம்.

மூன்றரைக்குப் புயோ. சாப்பாட்டுக்கடை அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கு வைத்தார். சிட்னி வந்த மூன்று வருடத்தில் கண்ணால் காணாதது, நான் வெளுத்துக்கட்டினேன். பிறகு காட்டு இலையும் இஞ்சியும் போட்ட தேநீர் வந்தது. வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை மலர் பாய்ந்து தட்டிவிட்டாள்.

"குடிக்காதீங்கோ! மரவள்ளி திண்டிட்டு இஞ்சியோ? நஞ்சப்பா!"

யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். எனக்கு மறந்தே போயிருந்தது.

"ஒண்டும் ஆகாது, மலர்."

"உங்களுக்கும் ஏதும் நடந்தால் நான் ஆரோட இருக்கிறது?"

சொல்லிவிட்டு ஏழு மாத அழுகையையும் சேர்த்து அழுதாள். அந்த அம்மா பதறிப்போனார். மலர் கிழங்கையும் தேநீரையும் காட்டி, கழுத்தைச் சாய்த்துச் செத்துக் காட்டினாள். அம்மா ஒரு துண்டுக் கிழங்கைக் கடித்து, மேலே தேநீரையும் குடித்தார். அவர் விழுவார் என்று மலர் பார்த்தபடியே இருந்தாள். விழவில்லை. அழுகைக்கு நடுவே மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவவுக்குப் பழகிப்போச்சு" என்றாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துக் கோப்பை கொட்டியிருப்பேன்.

போகிறவர்கள் ஸ்வெட்டர், மழைக்கோட்டு இரண்டும் எடுங்கள். கீட்டோவில் முதல் இரண்டு நாள் ஓடியாடாதீர்கள், மூச்சு வாங்கும். பஸ்ஸில் பாஞோஸ்வரை இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் உட்காருங்கள். கட்டணம் இப்போது மாறியிருக்கும். அந்தத் தேநீரின் ருசியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இன்றும் மரவள்ளி அவிக்கிற நாளில் மலர் குசினியிலுள்ள இஞ்சியை எங்கேயோ ஒளித்துவிடுகிறாள். நான் தேடுவதில்லை.