வைரவர் கோயில் முடக்கும் ஒரு பழைய வெட்டுமிசினும்

எங்கள் தீவில், சரவணையில், இன்னும் நெல் விதைக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருத்தி என் மச்சாள் கேதீஸ்வரி, தாய்மாமனின் மகள். ஐம்பதைத் தாண்டியவள், கலியாணம் கட்டவில்லை. மாமா பாரிசவாதத்தில் விழுந்தபோது அவளுடைய தம்பி வாகீசன் கனடாவுக்குப் போயிருந்தான். பார்க்க ஆள் வேண்டும், அவள் பார்த்தாள். மாமா கண்மூடிய பிறகு வயலையும் அவளே பார்த்தாள். ஊரில் இதற்குப் பொறுப்பான பிள்ளை என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனவர்கள் வைத்த பெயர் அது.

வயல் அவளுடையது. மாமா அதைச் சீதனமாக அவள் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். வீடும் வளவும் வாகீசனுடையவை. வீட்டைத் திருத்திக் கட்டக் காசு அனுப்பியவன், காணி உறுதியைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டான். தம்பிதானே என்று அவளும் கையெழுத்து வைத்தாள். அந்த வளவின் ஓரமாகத்தான் வயலுக்கு ஒழுங்கை போகிறது. வைரவர் கோயிலடியில் அது வளைந்து முடங்கும் இடம்தான் மிக ஒடுக்கம். ஒரு பக்கம் கோயில் சுவர், மறுபக்கம் வளவின் பனையோலை வேலி. வயலுக்கு வேறு வழி இல்லை. கிழக்கே சதுப்பான தரவை, மாரியில் மாடு இறங்கினாலும் புதையும். மற்றப் பக்கங்களில் வெளிநாட்டுக்காரர் கம்பி அடித்துவிட்டுப் போன பற்றைக்காணிகள்.

எங்களுடையது வானம் பார்த்த பயிர். வருடத்துக்கு ஒரு போகம்தான். தையில் நெல் பழுத்தால் உடனே வெட்ட வேண்டும். கையால் வெட்ட ஆட்கள் கிடைத்த காலம் போய்விட்டது. வெட்டுமிசின்காரர்களோ கிளிநொச்சியின் பெரிய வயல்களை முடித்துவிட்டு, யாழ்ப்பாணத்தையும் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் பண்ணைப் பாலம் தாண்டுவார்கள். மச்சாளின் முறை வருவதற்குள் கதிர் காய்ந்து நெல் நிலத்தில் கொட்டுண்டுவிடும். அடுத்தடுத்து இரண்டு போகம் அப்படிப் போயிற்று. இன்னொரு முறை மிசினுக்குக் காத்திருப்பதென்றால் விதைக்காமலே விடலாம் என்றாள். அதனால் பழைய மிசின் ஒன்றைத் தானே வாங்குவதென்று முடிவெடுத்தாள்.

வாகீசனிடம் காசு கேட்டுப் பார் என்றேன். அவள் கேட்கவில்லை. கலியாணத்துக்கென்று மாமா செய்து வைத்த காப்பும் அட்டியலும் அலுமாரிக்குள் அத்தனை வருடம் சும்மா கிடந்தன. அவற்றை விற்றாள்.

பயிர் பூத்து நின்ற நேரத்தில் வாகீசன் தொலைபேசியில் வந்தான். ஆடியில் குடும்பத்தோடு திருவிழாவுக்கு வருகிறானாம். ஓலை வேலி பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி இருக்குமாம், சுற்றிவர மதில் கட்ட வேண்டுமாம். மச்சாளுக்குச் சந்தோசம். தம்பி வருகிறான் என்ற ஒன்றே அவளுக்குப் போதும். மேசன் சுதனை அவளே பிடித்துக் கொடுத்தாள், சீமெந்து வைக்க வீட்டோடு ஒட்டிய சாய்ப்பையும் அவளே ஒழித்துக் கொடுத்தாள்.

மார்கழிக் கடைசியில் அவளும் நானும் பரந்தனுக்கு அப்பால் கோபிசங்கர் என்பவரின் வளவுக்குப் போனோம். பழைய மிசின்களைத் திருத்தி விற்கிறவர். இரண்டு நின்றன. ஒன்று பெரியது, புதுப் பெயின்ற் அடித்துக் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டதுபோல் மினுங்கியது. மற்றது சின்னது, பெயின்ற் உரிந்து எந்த நிறமென்றே தெரியவில்லை. எனக்குப் பெரியதைத்தான் பிடித்தது. மச்சாள் பெரியதின் எஞ்சினில் கையை வைத்தாள். சூடாக இருந்தது. நாங்கள் வருமுன்பே ஸ்ராட் பண்ணி வைத்திருக்கிறார்கள், குளிரில் இது இலேசில் எழும்பாது என்று என் காதுக்குள் சொன்னாள். சின்னது குளிர்ந்து கிடந்தது. எழும்பும்போது கரும்புகை கக்கி இருமியது, பிறகு ஒரே சீராக ஓடியது. குனிந்து ரப்பர் செயினில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பெல்ட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றாள். கோபிசங்கர் மறுக்கவில்லை.

பிறகு பையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு தும்புக்கயிற்றை எடுத்தாள். வைரவர் கோயில் முடக்கின் அகலம் அது. புறப்படுமுன் சுவரிலிருந்து வேலி வரை பிடித்து அளந்திருந்தாள். பெரிய மிசின் கயிற்றைத் தாண்டியது. சின்னது ஒரு சாண் மிச்சத்தோடு உள்ளே நின்றது.

"மிசினுக்கும் பொருத்தம் பாக்கிறியளோ அக்கா?" என்றார் கோபிசங்கர்.

"ஓம். பொருத்தம் பாக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகேலாது" என்று சொல்லி மச்சாள் சிரித்தாள்.

அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது குறைவு. பெல்ட் மாற்றி, கத்தி தீட்டி முடியும்வரை அங்கேயே ஓர் உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். தைப்பொங்கல் கழிந்த கையோடு மிசினை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பாலத்தில் வரும்போது, தன்னுடையதை வெட்டி முடித்து பக்கத்து வேலணைக்காரருக்கும் வெட்டிக் கொடுக்கலாம் என்று திட்டம் போட்டபடி வந்தாள்.

ஒழுங்கை வாசலில் மிசினை இறக்கினோம். முடக்குவரை போய் அது நின்றுவிட்டது. வேலி இருந்த இடத்தில் வேலி இல்லை. அதற்கு ஒரு முழம் வெளியே, ஒழுங்கைக்குள், மதில் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது.

சுதனைக் கேட்டால், கனடாவிலிருந்து பிளான் வந்தது, அதன்படிதான் கட்டினேன் என்றான். அவனில் பிழை இல்லை. வண்டில் திரும்ப வேண்டும் என்று அந்தக் காலத்தில் மாமா தன் காணியில் ஒரு முழத்தை விட்டு வேலியை உள்ளே அடைத்திருந்தார். வாய்ச்சொல்லாக விட்டது, எழுத்தில் இல்லை. வேலியில் ஒரு கதியால் தடியைத் தள்ளி நட்டாலே வழக்கென்று கோட்டுக்குப் போகிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் தன் வேலியைத் தானே உள்ளே இழுத்த மனிசன் ஒருவர் இருந்ததை எல்லாரும் மறந்துவிட்டோம். வேலி நிற்கிற இடம்தான் எல்லை என்று மச்சாளும் நம்பியிருந்தாள். மிசினை அளந்த கயிற்றால் மதில் வரப்போகிற இடத்தையும் சுதனுக்கு ஒரு தரம் அளந்து காட்டிவிட்டுப் போயிருக்கலாம். சொந்தத் தம்பியின் மதிலை யார் அளப்பார்கள்?

வாகீசனோடு கதைத்தாள். தொலைபேசியைச் சத்தமாக விட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. முடக்கில் மட்டும் உடைத்து ஒரு முழம் உள்ளே கட்டுவோம், கூலி நான் கொடுக்கிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. ஆறுதலாகவே சொன்னான்.

"உறுதியிலை உள்ளதைத்தான் கட்டினனான், அக்கா. ஐயா வாயாலை விட்டதுக்கெல்லாம் நான் என்ன செய்யிறது? அந்த உறுதியிலைதானே நீங்கள் இருக்கிற வீடும் கிடக்கு."

மச்சாள் சரி தம்பி என்றாள். பிள்ளைகளைச் சுகம் விசாரித்தாள். பிறகுதான் தொலைபேசியை வைத்தாள். எனக்கு அலவாங்கை எடுத்து அந்த மதிலைப் பெயர்த்துப்போட வேண்டும்போல் இருந்தது. எடுக்கவும் எடுத்தேன். அவள் வாங்கிச் சாய்ப்புக்குள் வைத்துவிட்டாள்.

அந்த மிசின் வேலணையில் மற்றவர்களுடைய நெல்லையெல்லாம் நேரத்துக்கு வெட்டியது. நல்ல மிசின் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளுடைய வயலில் அவளும் என் மனைவியும் நானும் அரிவாளோடு இறங்கி, முதுகு முறிய வெட்டியது கால்வாசி. மிச்சம் கொட்டுண்டு போயிற்று. கிளிகளுக்குத்தான் நல்ல போகம்.

ஆடியில் வாகீசன் வந்தான். மதில் வடிவாக வந்திருக்கிறது என்று அக்காவுக்கு நன்றி சொன்னான். பிள்ளைகளை மிசினில் ஏற்றிப் படம் எடுத்து, எங்கள் கமம் என்று எழுதி முகநூலில் போட்டான். ஊர் மண்ணை மறக்காதவன் என்று கீழே எத்தனையோ பேர் பாராட்டியிருந்தார்கள்.

புரட்டாதியில் முதல் மழை விழுந்த அடுத்த நாள் மச்சாள் வீட்டுக்குப் போனேன். மற்ற வருடம் என்றால் அந்நேரம் விதைக்க வயலில் நிற்பாள். அன்று குசினிக்குப் பின்னால் பெரிய கிடாரத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். எங்கே வாங்கிய நெல் என்று கேட்டேன். வாங்கவில்லை, கையால் வெட்டியதில் விதைக்கென்று எடுத்து வைத்தது என்றாள்.

அவித்த நெல் இனி முளைக்காது. விதைநெல்லை ஏன் அவிக்கிறாய் என்றேன்.

"வயல் என்ரை பேரிலைதான் கிடக்கு, அத்தான். போற வழிதான் அவன்ரை."

சொல்லிவிட்டு அடுப்புக்குள் இன்னொரு பனைமட்டையைத் தள்ளினாள்.