அப்பாவின் கழுத்து

பெரியப்பா மாத்தளையிலிருந்து பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த படத்தைப் பிரித்தபோது, யாரோ ஒரு மனேஜர் எங்கள் லயத்து வீட்டுக்குள் வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கறுப்பு சூட், சிவப்பு டை, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. முகம் மட்டும் அப்பாவுடையது. அடையாள அட்டைப் படத்திலிருந்து அதை எடுத்து, ஸ்டூடியோவில் யாருடைய உடம்பிலோ ஒட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்கு இப்படிச் செய்வது வழக்கம். பாசத்தில்தான் செய்கிறார்கள், தெரியும். "உசுரோட இருக்கயில நல்லதா ஒன்னும் போடல. இப்பவாச்சும் போடட்டுமே," என்றார் பெரியப்பா. மறுநாள் கருமாதி. அந்தப் படத்துக்குத்தான் மாலை. பிறகு காலம் முழுக்கச் சுவரில் அதுதான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. காலரும் டையும் அப்பாவின் கழுத்தை மூடியிருந்தன.

இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்துபோனவர் அப்பா. கழுத்து மட்டும் வளையவில்லை. ஒரு மழைக்காலத்தில் கூரைத் தகரம் கேட்டு நாலைந்து குடும்பங்கள் ஆபீசுக்குப் போனோம். தோட்டத்தை நடத்துகிற துரை "நாளைக்கு வா" என்றார். மற்றவர்கள் தலையைக் குனிந்தபடி திரும்பினார்கள். அப்பா நகரவில்லை. "சரிங்க தொர. நாளைக்கு எத்தன மணிக்குங்க?" மறுநாள் சொன்ன மணிக்குப் போய் நின்றார். அதே பதில், அதே கேள்வி. ஆறாவது நாள் தகரம் வந்தது. கொஞ்ச காலம் லயத்தில் அவருக்குப் பெயரே 'எத்தன மணி'தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். துணிக்கடையில் வேலை. புதுச் சட்டைக்குள் வரும் அட்டைகளில் ஆட்களைக் கிறுக்குவேன். சூட் படம் வந்த அன்று சாயந்தரம் கறுப்புப் பேனாவால் அப்பாவை வரைந்தேன். மரியாதை என்று நினைத்து முதலில் முதுகை நேராக இழுத்தேன். அது அப்பா இல்லை. முதுகை வளைத்தேன், கூடவே கழுத்தும் தாழ்ந்து, பிச்சை கேட்கிறவரைப் போல நின்றார். கிழித்துப் போட்டேன். மூன்றாவது அட்டையில் முதுகு வளைந்து ஏறி, தோளுக்கு மேலே கோடு சட்டென்று நிமிர்ந்தது. ஒரு விரல் நீளம்கூட இருக்காது, ஆனால் அப்பா வந்துவிட்டார். கண், மூக்கு, வாய் எதுவும் போடவில்லை. போட்டால் கெட்டுப்போகும் என்று தோன்றியது.

"மூஞ்சி எங்க புள்ள? பேயா இது? சனங்க சிரிக்கும்," என்றார் பெரியப்பா.

"சிரிக்கட்டும் பெரியப்பா. அந்த சூட்டுக்குள்ள அப்பா இல்ல. அதுக்கு மால போட்டா நான் கும்பிட மாட்டேன்."

"செத்தவனுக்கு மரியாத வேணாமா?"

"இதான் மரியாத."

கருமாதியன்று காலையில் நாவுலயிலிருந்து அத்தை வந்தார், அப்பாவின் அக்கா. மேசையில் இருந்த சூட் படத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு என் அட்டையைக் கையில் எடுத்தார். கீழே வைக்கவில்லை.

"ஏன்டி, எந்தம்பி யார இப்புடி மொறைச்சுக்கிட்டு நிக்கிறான்?"

"கண்ணே போடலியே அத்த."

"கண்ணு எதுக்குடி? நிக்கிறதுலயே தெரியுதே."

மாலையைப் பெரியப்பாவே எடுத்தார். அட்டைக்கு அது பெரிது. இரண்டாக மடித்துப் போட்டார். பூ கழுத்தை மறைத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுந்துபோய் அதைத் தோளுக்குக் கீழே இறக்கிவிட்டேன்.