பினாங்கில் இரண்டு ஹோட்டல், ஒரு சனிக்கிழமை

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "சுற்றுச்சூழலுக்கு உகந்த ஹோட்டல் என்று தேடிப் போய்த் தங்குகிறார்களே, எதற்கு?" நியாயமான கேள்வி. 1995 டிசம்பர் பள்ளி விடுமுறையில் பினாங்கில் அப்படி ஒன்றில் இரண்டு இரவு தங்கியவன் என்ற முறையில் பதில் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எனக்கே அது இன்னும் சரியாகப் புரியவில்லை என்று தெரிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

அது உல்லாசப் பயணம் இல்லை. என் தங்கை வசந்திக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனோம். அவள் ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா இல்லை, அம்மாவுக்கு முட்டிவலி. ஆக, பொறுப்பு முழுவதும் என் தலையில். அதற்கு முன் மூன்று இடம் வந்து, பலகாரம் சாப்பிட்டு, "தகவல் சொல்றோம்" என்று எழுந்து போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். இதுவும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் வந்து உட்கார மாட்டேன் என்று வசந்தி முடிவாகச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை ரவி, தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பெற்றோருடன் அதே கரையில் செபராங் ஜெயாவில் வீடு. தீவில், ஜெலுத்தோங்கில் எங்கள் அத்தை வீட்டில், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சந்திப்பது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஈப்போவில் நானும் வசந்தியும் பஸ் ஏறினோம். பட்டர்வொர்த் வரை சுமார் 160 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், ஆளுக்கு எட்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். அங்கிருந்து ஃபெரி. தீவுக்குப் போகும்போது மட்டும் சில்லறைக் காசு, திரும்பும்போது அதுவும் இல்லை. படகுத்துறையில் டாக்சி பிடித்து ஏழு வெள்ளிக்குப் பர்மா ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் போய் இறங்கினோம். ஹோட்டல் வசந்தி தேர்ந்தெடுத்தது. பத்திரிகையில் படித்தாளாம்.

பழைய பங்களா, சுற்றிலும் மரம். அறைக்கு ஐம்பத்தைந்து வெள்ளி. ஏர்கான் இல்லை, டிவி இல்லை, குளிர்பெட்டி இல்லை. அதே காசுக்கு மூன்றும் உள்ள அறை பினாங்கு ரோட்டில் கிடைக்கும். வெள்ளியைக் கொடுத்து வேர்வையை வாங்குவதா? "ஏம்மா, இங்க என்னதான் இருக்கு?" என்றேன். "தண்ணிய வீணாக்காதீங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். நான் போய் தினமும் துண்டு மாத்துற ஹோட்டல்ல படுக்கவாண்ணே?" என்றாள். வாத்தியாரம்மாவிடம் வாய் கொடுத்தால் அப்படித்தான்.

துண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. குளியலறையில் ஒரு அட்டை மாட்டியிருந்தது. புதுத் துண்டு வேண்டுமென்றால் பழையதைத் தரையில் போடவும், மாட்டி வைத்தால் மாற்ற மாட்டோம் என்று. துண்டைத் தரையில் போடுவதா? நம் வீட்டில் போட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் நான்காக மடித்துக் கட்டிலில் வைத்தேன். இரண்டு நாளும் அதே ஈரத் துண்டுதான் மடித்தபடி எனக்காகக் காத்திருந்தது.

பக்கத்து அறையில் ஒரு ஜெர்மன் தம்பதி. இவ்வளவு தூரம் விமானத்தில் வந்து ஏன் இங்கே வேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். மின்சாரம், குப்பை, கடல் என்று கணவர் விரிவாகச் சொன்னார். மனைவியோ, எங்கள் ஊரில் குளிர், வெப்பம் பிடித்திருக்கிறது என்றார். முதலாளியான சீன மாது, "ஏர்கான் போட்டா கரண்டு பில் மஹால்லா" என்று சிரித்தார். மஹால் என்றால் மலாயில் விலை அதிகம். மூன்று பேரிடம் கேட்டு மூன்று பதில். கேட்காமலே இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அத்தையிடமிருந்து போன். "தம்பி, எங்க ஃப்ளாட்ல பைப் ஒடஞ்சிருச்சி. கால் கழுவக்கூட தண்ணி இல்லலா. அவங்கள ஒங்க ஹோட்டலுக்கே வரச் சொல்லிட்டேன். நான் தண்ணி லோரி வந்ததும் புடிச்சி வச்சிட்டு வந்துர்றேன்."

மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகப் பார்க்கப்போவது இந்த ஈரத் துண்டு ஹோட்டலையா? கஞ்சர்கள் என்று நினைக்க மாட்டார்களா? வசந்தியிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி, பினாங்கு ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு நடந்தேன். கண்ணாடிக் கதவு, பளிங்குத் தரை, உடம்பெல்லாம் சில்லிடும் ஏர்கான். காப்பி ஹவுஸில் ஆறு பேருக்கு மேசை சொல்லிவிட்டு, அங்கிருந்தே மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் செய்து இடத்தை மாற்றினேன். மூன்றரைக்குத் திரும்பிப் போய் வசந்தியை டாக்சியில் அழைத்து வந்துவிடலாம் என்பது கணக்கு.

மூன்று மணிக்கு மேசை, பூ, பலகாரமெல்லாம் சரிதானா என்று பார்க்கப் போனேன். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஃபெரியில் கூட்டமே இல்லையாம். அவர்களை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? காப்பி சொன்னேன், ஒன்று ஐந்து வெள்ளி. ரவியின் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பொண்ணு எங்க தம்பி?" என்றார். "வந்துக்கிட்டு இருக்கும்மா." நான்கு மணிக்கு எங்கள் ஹோட்டலுக்குப் போன் செய்தேன். "ஒங்க தங்கச்சி விருந்தாளியோட பேசிக்கிட்டு இருக்காங்க" என்று முதலாளி மாது மலாயில் சொன்னார். விருந்தாளியா? எந்த விருந்தாளி?

மேசைக்கு வந்தால், "நம்ம ரவியையும் காணோமே" என்றார் அப்பா. "வேலை முடிஞ்சி பிறையிலேர்ந்து நேரா மோட்டர்சைக்கிள்ல வந்துர்றேன்னான். அவனுக்கு யாரு எடம் சொன்னது?"

அத்தைதான் சொல்லியிருக்கிறார். பழைய இடத்தை. நான் மாற்றியது அவருக்குத் தெரியாது.

ஒரே டாக்சியில் மூவரும் போய் இறங்கியபோது மணி நாலேகால். வராந்தாவில் வசந்தியும் ரவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், இடையில் இரண்டு கிளாஸ் எலுமிச்சைச் சாறு. அத்தையைக் காணோம். ரவியின் சட்டை மழையில் நனைந்த மாதிரி முதுகோடு ஒட்டியிருந்தது. "ஏண்டா இப்படி வேர்த்திருக்கே?" என்று அவருடைய அம்மா பதற, ரவி சிரித்தார். பிறகு அம்மா என் பக்கம் திரும்பி, "எதுக்கு தம்பி ரெண்டு ஹோட்டலு?" என்று கேட்டார். "காத்தோட்டத்துக்கும்மா" என்றேன். இன்றுவரை அந்தப் பதிலுக்கு எனக்கே அர்த்தம் தெரியாது.

அத்தை ஐந்து மணிக்கு வந்தார். ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். "தகவல் சொல்றோம்" என்றார் அப்பா. எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறு காலை ஃபெரியில் பொறுக்கமுடியாமல் வெடித்தேன். "ஒன் ஹோட்டலாலதான் இதுவும் போச்சு."

"எதுண்ணே போச்சு? அவரு கேட்டாரு, நான் சரின்னுட்டேன். வீட்ல பேசிட்டு அத்தைக்குப் போன் பண்றேன்னாரு."

"அரை மணி நேரத்துல அந்த ஆளப் பத்தி என்னத்தக் கண்டே?"

"வராந்தாவுல ஒரே ஒரு ஃபேன்ணே. தலை திரும்பாது, ஒரு பக்கம்தான் காத்து வரும். வெயில்ல மோட்டர்ல வந்த மனுசன், வந்ததும் அத என் பக்கம் திருப்பி வச்சாரு. நான் ரெண்டு தடவ அவரு பக்கம் திருப்புனேன். பேசிக்கிட்டே மறுபடியும் என் பக்கம் திருப்பிட்டாரு. ஏர்கான்ல ஒக்காந்திருந்தா இது எனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் அத்தைக்குப் போன் வந்தது. தை மாதமே கல்யாணம்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: போகிறவர்கள் மெல்லிய பருத்திச் சட்டை, கொசுவத்தி, சொந்தத் துண்டு எடுத்துப்போங்கள். மரத்தடி அறையாகக் கேளுங்கள், பிற்பகல் சூடு குறையும். தண்ணீர் மிச்சமாகிறதா, கடல் பிழைக்கிறதா என்பதெல்லாம் எனக்கு இன்னும் குழப்பம்தான். எனக்கு இப்போதும் ஏர்கான் இல்லாமல் தூக்கம் வராது. சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் தங்குங்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் வேர்க்கிற இடமாகப் பாருங்கள்.