ஆற்றுக்குக் கொடுத்த குமரன்

மண்டூர்த் துறையில் பாதை தள்ளுகிற கனகசிங்கத்தை எவரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சைக்கிளும் நெல்மூட்டையும் ஆட்களும் ஏறிய, பாதை என்கிற அந்தப் பெரிய மிதவையை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோவது அவருடைய பிழைப்பு. கூத்து எழுதிப் பழக்குவது அவருடைய பைத்தியம். அதனால் ஊருக்கு அவர் அண்ணாவியார்.

பாரதக் கதையையே ஆடி அலுத்திருந்தவருக்குப் புதுக்கதை அகப்பட்டதும் பாதையில்தான். காத்தான்குடியிலிருந்து சரித்திரம் படிப்பிக்க வருகிற அப்துல் கபூர் சேர், எதிர்க்காற்றில் பாதை நகராமல் கிடந்த ஒரு காலையில், மெக்சிக்கோவின் பழைய சனங்களைப் பற்றிச் சொன்னார்.

“ஏரிக்கு நடுவுல ஊரா? அப்ப நம்மட ஆக்கள்தான் சேர்.”

“நம்மட ஆக்கள் மீனத்தான் வெட்டுவாங்க. அவங்க ஆள வெட்டினவங்க, அண்ணாவியார்.”

உடம்பில் ஒரு வடுவும் இல்லாத குமரன் ஒருவனைத் தெரிந்தெடுப்பார்களாம். ஒரு வருஷம் அவன்தான் தெய்வம். பூமாலையும் புல்லாங்குழலுமாகத் தெருவில் நடப்பான். கண்டவர்கள் மண்ணில் விழுந்து கும்பிடுவார்கள். கடைசி நாளில் கோயில் படியில் ஏறும்போது படிக்கொரு குழலாக முறித்துப் போட்டுக்கொண்டே போவான். உச்சியில், நெஞ்சைப் பிளக்கக் கத்தியோடு பூசாரிகள்.

“ஓடித் தப்ப ஏலாதா அவனுக்கு?”

“ஏன் ஓடப்போறான்? ஊரே கும்பிடுதே.”

அந்தப் பதில் கனகசிங்கத்தை விடவில்லை. கோலைத் தாழ்க்கும்போதெல்லாம் கதையை மாற்றி மாற்றிக் கட்டினார். நெஞ்சைப் பிளப்பதை அம்மன் கோயில் முன்றலில் ஆட ஒண்ணாது. அந்தச் சனங்களைப்போல, சூரியன் சோர்ந்துபோகும், அதற்கு இரத்தம் கொடுக்கவேண்டும் என்றால் இங்கே எவரும் நம்பார். இந்தப் பக்கத்தில் வெயில் குறைந்து யார் கண்டது? இங்குள்ளவர்களின் பயம் வேறு. மாரியில் முகத்துவாரம் திறக்காவிட்டால் வெள்ளம் கடலுக்குப் போகாமல் வயல்வட்டையில் ஏறி நிற்கும், பயிர் அழுகும். ஆகவே ஆழிமேடு என்று இல்லாத நாடொன்றை உண்டாக்கினார். அங்கே வருஷத்துக்கொரு குமரனை ஆற்றுக்குக் கொடுத்தால்தான் முகத்துவாரம் திறக்கும். அந்த நாட்டார் கொடியவர்கள் அல்லர். மீனும் நெல்லும் தந்த ஆறு திருப்பிக் கேட்கிறது, கொடுப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறவர்கள். புல்லாங்குழல் சதங்கையாயிற்று. படியேறும் குமரன் காற்சதங்கையை அவிழ்த்துப் போடுவான். “இவனைத் தந்தது ஆர்?” என்று பூசாரி கேட்க, பெற்றவள் “நான்தான்” என்று பாடவேண்டும். தான் கட்டிய பாட்டுகளில் அதுவே அவருக்குப் பிடித்தது.

குமரன் வேஷத்துக்கு இராசதுரையைத் தெரிந்தெடுத்தார். அதே ஊர்ப் புஸ்பம் என்பவளின் இளைய மகன், காற்றுப்போலக் கால் உள்ளவன். எண்பத்தொன்பதாம் ஆண்டு அது. மீசை அரும்பியவனைத் தெருவில் கண்டால், துப்பாக்கி தூக்கிய துவக்குக்காரர் தங்கள் படைக்கென்று ஏற்றிக்கொண்டு போய்விடுகிற காலம். ஊரடங்கு என்பதால் கூத்தைப் பகலிலேயே வைக்கத் தீர்மானமாயிற்று.

ஆடை அணியுடன் ஒத்திகை பார்த்த அன்று துவக்கோடு இருவர் வந்து வேலியோரம் நின்றார்கள். முடிந்ததும் மூத்தவன் கிட்ட வந்தான்.

“நல்லாயிருக்கு அண்ணாவியார். ஊர் ஊராப் போடுவம். கடைசிக் கட்டத்துல பொடியன் சிரிச்சிக்கிட்டு ஏறட்டும். பாக்கிற பொடியனுகளுக்கும் ஒரு இது வரும்.”

கனகசிங்கத்துக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை. அவருடைய எந்தக் கூத்தும் ஊரெல்லையைத் தாண்டியதில்லை.

மறுநாள் புஸ்பம் பாதையில் ஏறினாள். அக்கரையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

“அம்மன்ட வாசல்ல கட்டின சதங்கைய, மங்களம் பாட முன்னம் இந்த ஊருல எவன் அவுத்தான், அண்ணாவியார்?”

“அது கதைக்குப் புள்ள. ஆழிமேட்டுல நடக்கிறது.”

“கதைதானே? அப்ப உங்கட மகன் கோணாமலைய ஆட விடுங்க.”

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவன், “அவன் கத்தாருல ஒட்டகத்துக்கு ஆடுறான்கா” என்றான். பாதை முழுவதும் சிரித்தது. பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற முதல் கதை காதில் விழுந்த கையோடு மகனைக் கத்தாருக்கு ஏற்றி அனுப்பியவர் கனகசிங்கம்.

புஸ்பம் சிரிக்கவில்லை. “என்ட மூத்த மகன் போன இடம் தெரியா. இவனையும் படியில ஏத்திப்போட்டு, நான்தான் தந்தன் எண்டு ஒருத்தன் சீலையுடுத்திப் பாட, நான் குந்தியிருந்து பாக்கணுமா?”

அக்கரை வந்ததும் அவள் இறங்கவில்லை. அதே பாதையில் திரும்பினாள். கனகசிங்கம் அன்று பாடாமல் கோல் போட்டார்.

கூத்தன்று வெயில் சாயமுன்பே சனம் நிறைந்துவிட்டது. துவக்குக்காரர் இருவரும் முன்னால் இருந்தார்கள். “மாசு மறுவற்ற குமரன் வருகிறான்” என்று கட்டியக்காரன் பாட, திரை விலகியது. வந்தவர் கனகசிங்கம். தொந்தி, கரி பூசிய மீசை, முன்பல் இரண்டு இல்லை.

“மறுவ விடுங்க, பல்ல எங்க?” என்று யாரோ கேட்டார்கள். வயிறு குலுங்கச் சிரித்தது கூட்டம். அவர் ஒரு தாளமும் பிசகாமல் ஆடினார். திரைக்குப் பின்னால் பிற்பாட்டுப் பாடியவன் இராசதுரை.

படி வந்தபோது சிரிப்பு அடங்கிற்று. மூச்சு வாங்க வாங்க ஏறினார். உச்சியில் நின்று சதங்கை முடிச்சில் கை வைத்தார்.

“இவனைத் தந்தது ஆர்?”

தாய் வேஷக்காரன் வாய் திறக்கவில்லை. அந்தப் பாட்டை அண்ணாவியார் காலையில்தான் வெட்டியிருந்தார். வேறொன்று கட்ட அவருக்கு வரவில்லை. மத்தளமும் நின்றது. பூசாரி இன்னொருமுறை கேட்டான்.

“ஒருத்தரும் தரல்ல” என்றாள் முன்வரிசையிலிருந்த புஸ்பம், கறிக்கு விலை சொல்வதுபோல. “அவராத்தான் ஏறினவர். இறங்கச் சொல்லுங்க, மங்களம் பாடுவம்.”

முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் இறங்கினார். மங்களம் பாடினார்கள். அதன்பிறகு இராசதுரை குந்தியிருந்து, வீங்கிய அந்தக் கால்களிலிருந்து சதங்கையை அவிழ்த்தான்.

துவக்குக்காரரில் மூத்தவன் எழுந்து மண்ணைத் தட்டினான். “கிழவன வெச்சி என்ன செய்யிற?” என்று மற்றவனிடம் கேட்டான். கூத்து வேறெந்த ஊருக்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு துறையில் அவரை அண்ணாவியார் என்பாரும் குறைந்தனர். “குமரன், பாதைய விடுங்க” என்பார்கள். அவரும் விடுவார்.